பிரவுண் பேப்பர் சுவரும் நான் போட்ட படமும்

சமூக ஊடகங்களைப் பொறுப்புடன் பயன்படுத்த மாணவர்களைப் பழக்க வேண்டும் என்ற சுற்றறிக்கை எங்களுக்கு வாட்ஸ்அப்பில்தான் வந்தது. யாரோ ஒரு எழுதுவினைஞர் அதை மேசையில் போட்டுச் சாய்வாகப் படம் எடுத்திருந்தார். இரண்டாம் பந்தியின் மேல் அவருடைய பெருவிரல் கிடந்தது. அந்தப் பந்தியில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எங்கள் அதிபருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள அவர் ஆசைப்பட்டதாகவும் இல்லை. குடியியற் கல்வி படிப்பிக்கிறவள் நான்தானே என்று சொல்லி முழுவதையும் என் தலையில் கட்டிவிட்டு அவர் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

அதற்கு முன் ஒருநாள் செயலமர்வு நடந்தது. கண்டி டவுனில் குளிரூட்டிய மண்டபம், மதியத்துக்குப் புரியாணிப் பார்சல். கோட்டுப் போட்ட இளைஞர் ஒருவர் திரையில் படங்களை ஓட்டினார். தமிழ் என்று அதில் எழுதியிருந்ததை எந்த இயந்திரம் மொழிபெயர்த்ததோ, பக்கத்திலிருந்த சிங்களத்தைப் படித்துத்தான் தமிழை விளங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. ஒருவருடைய படத்தை அவரைக் கேட்காமல் இணையத்தில் போடக் கூடாது என்று அவர் மூன்று தடவை அழுத்திச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல, மண்டபத்தில் பாதிப்பேர் அவரைக் கேட்காமலே படமெடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்னால் இருந்த ஆசிரியை தலைப்பையும் போட்டுவிட்டார்: பயனுள்ள நாள். நான் மனதுக்குள் சிரித்தேன். இந்தக் கூட்டத்தில் மூளையுள்ளவள் நான் ஒருத்திதான் என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு, அன்றைக்கு அது கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

பாடசாலையில் எட்டுக் கணினிகள் உண்டு. இரண்டு ஓடும். அறைத் திறப்பு அதிபரின் காற்சட்டைப் பையில். இணைய இணைப்பு வரும் என்று சொல்லியே மூன்று அதிபர்கள் மாறிப் போய்விட்டார்கள். மாணவர்கள் போன் கொண்டுவந்தால் பறிமுதல். இந்த லட்சணத்தில் சமூக ஊடகம் பழக்கச் சொன்னால் என்ன செய்வது? மற்றப் பாடசாலைகளில் ஒரு பேச்சுப்போட்டியும் ஒரு சுவரொட்டிப் போட்டியும் வைத்து, படத்தை அனுப்பிக் கைகழுவினார்கள். எனக்கு அது கேவலமாகப்பட்டது. நான் ஒரு வேலை செய்தேன்.

ஒன்பதாம் தர வகுப்பின் பின்சுவர் முழுக்கப் பிரவுண் பேப்பர் ஒட்டினேன். அதுதான் எங்கள் முகநூல். ஒவ்வொரு பிள்ளையும் மட்டையில் ஒரு கணக்கு வெட்டிக்கொள்ள வேண்டும். சொந்த முகம் வேண்டாம், பிடித்ததை வரையலாம். முப்பத்தொரு பிள்ளைகளில் பன்னிரண்டு பேர் கிரிக்கெட் மட்டை வரைந்தார்கள். கொப்பித் தாளில் பாதியைக் கிழித்துப் பதிவு எழுதி ஒட்டலாம், கீழே துண்டுத் தாளில் கருத்துச் சொல்லலாம். லைக் போடுவதற்கு என்ன செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, பெண் பிள்ளைகள் ஸ்டிக்கர் பொட்டுப் பெட்டிகளைக் கொண்டுவந்துவிட்டார்கள். பகிர வேண்டுமென்றால் பதிவைக் கையால் பார்த்து எழுத வேண்டும். அதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கை வலித்தால்தான் எதைப் பகிர்கிறோம் என்று யோசிப்பார்கள்.

விதிகள் இரண்டே இரண்டு. பதிவில் இன்னொருவர் வந்தால், அவரிடம் கேட்டு, தாளின் பின்பக்கம் அவர் கையாலேயே "சரி" என்று எழுதி வாங்க வேண்டும். யாராவது தன்னைப் பற்றிய பதிவை எடுக்கச் சொன்னால், போட்டவர் அதன் எல்லாப் பிரதிகளையும் தேடிப் பொறுக்கிக் கொண்டுவர வேண்டும்.

இரண்டாம் நாளே மாட்டினான் ஒருவன். சுற்றுலா போனபோது கடுகண்ணாவை மலைப்பாதை வளைவில் பக்கத்து ஆசனக்காரன் வாந்தி எடுத்த கதையை "சரி" வாங்காமல் ஒட்டிவிட்டான். பதினொரு பொட்டு விழுந்தது, ஏழு பிரதி போனது. வாந்தி எடுத்தவன் எடுக்கச் சொன்னான். போட்டவன் ஆறைப் பொறுக்கிவிட்டான். ஏழாவது ஒரு பிள்ளையின் அண்ணனோடு பத்தாம் தரத்துக்குப் போய், அங்கிருந்து எங்கே போனதென்று தெரியவில்லை. இரண்டு நாள் அலைந்தான். "கிடைக்கவே மாட்டேங்குது டீச்சர்" என்று வந்து நின்றபோது அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பரம திருப்தி. கோட்டுக்காரருக்கு ஒரு நாள் முழுக்கப் பேசியும் வராதது எனக்குப் பிரவுண் பேப்பரில் வந்துவிட்டது. ஆசிரியர் அறையில் இதை நான்கு தடவை சொன்னேன். சொன்னது வலயக் கல்வி அலுவலகம் வரைக்கும் போய், அடுத்த வாரம் புதன்கிழமை அதிகாரிகள் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது.

இதற்கிடையில்தான் என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பாடசாலைக்குத் திரும்பி வந்தாள். மூன்று கிழமை வரவில்லை, வீட்டில் சடங்கு. கம்பளையில் மண்டபம் எடுத்துப் பூப்புனித நீராட்டு விழா செய்தார்கள். வகுப்பாசிரியை என்று எனக்கும் அழைப்பு வந்து, நானும் போயிருந்தேன். கணக்கில் சுமார், வரலாற்றில் மோசம், ஆனால் வகுப்பில் யார் எதைச் சொன்னாலும் முதலில் சிரிக்கிறவள் அவள்தான். நான் எரிந்து விழும்போதுகூட அந்தச் சிரிப்பு எங்கிருந்தாவது வந்துவிடும். திரும்பி வந்தவளிடம் அது இல்லை. பின்வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள். கணக்கு வெட்ட மட்டை கொடுத்தேன், வாங்கவில்லை.

நான் என்ன செய்தேன்? ஆதரவாக ஏதாவது கேட்டிருப்பேன் என்று நினைக்கிறவர்களுக்கு என்னைத் தெரியாது. எல்லாரும் செய்த வேலையைச் செய்ய இவளுக்கு மட்டும் என்ன கேடு, சடங்கு முடிந்ததும் பெரிய மனுஷி ஆகிவிட்டாளோ என்று முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் கேட்டேன். பையன்கள் பக்கம் ஒரு சிரிப்பு எழுந்தது. அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். எழுப்பி நிற்கவைத்தேன். பாடம் முடியும்வரை நின்றாள்.

இடைவேளையில் அவள் பக்கத்தில் இருக்கிற பிள்ளை என்னிடம் வந்து விஷயத்தைச் சொன்னாள். பையன்களின் வாட்ஸ்அப் குழுவில் அவளுடைய சடங்குப் படம் ஸ்டிக்கராக ஓடிக்கொண்டிருந்தது. மாலையும் நெற்றிச்சுட்டியுமாக, கண் பாதி மூடி, வாய் பாதி திறந்து இருக்கிற முகம். கீழே "பசிக்குது" என்று எழுதியிருந்தது. யாருக்குப் பசித்தாலும் அதைத்தான் அனுப்புகிறார்களாம். அவள் லைக்குக்கு ஆசைப்பட்டுத் தானே போட்ட படம் அது, இப்போது அழுது என்ன பயன் என்றும் ஒரு கதை ஓடுகிறதாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் குழுவில் இருந்த நான்கு பையன்களை ஆய்வுகூடத்துக்குப் பின்னால் நிறுத்தி, வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். பிரவுண் பேப்பரில் படித்தது எல்லாம் எங்கே போயிற்று, "சரி" வாங்கினீர்களா, உங்கள் தங்கச்சி படமென்றால் இப்படிச் செய்வீர்களா என்று ஒரு சொற்பொழிவே நடத்தினேன். கடைசியாக, படம் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டேன். மூன்று பேர் நிலத்தைப் பார்த்தார்கள். நான்காமவன் கொஞ்சம் அப்பாவி.

"ஒங்க பேஸ்புக்லருந்து தான் டீச்சர் எடுத்தோம்" என்றான். "எல்லாரும் பாக்குற மாதிரித் தானே போட்டிருந்தீங்க."

அவர்களைப் போகச் சொல்லிவிட்டு என் போனை எடுத்துப் பார்த்தேன். படம் இருந்தது. கிளிப்பச்சைப் பட்டுப் புடவையில் நான், பக்கத்தில் அலங்காரக் கதிரையில் அவள். அன்றைக்கு எங்களை நான்கு படம் எடுத்தார்கள். மூன்றில் அவள் நன்றாகத்தான் இருந்தாள், நான்தான் குண்டாக விழுந்திருந்தேன். நான்காவதில் என் புடவையின் கரை மடிப்புக் கலையாமல் வந்திருந்தது. அவள் கண் மூடியிருந்ததை நான் பார்க்கவே இல்லை. அவளையே பார்க்கவில்லை என்று சொல்வதுதான் சரி. "என் மாணவி பெரியவளானாள், வாழ்த்துங்கள்" என்று எழுதிப் போட்டிருந்தேன். கீழே நூற்றுக்கு மேல் வாழ்த்துகள். பாதிப்பேர் புடவை எங்கே வாங்கியது என்று கேட்டிருந்தார்கள், எல்லாருக்கும் கடையைச் சொல்லியிருந்தேன். அதிபர் சொல்லி அந்தப் படத்தைப் பாடசாலையின் பேஸ்புக் பக்கத்திலும் தனியாகப் போட்டிருந்தார்கள்.

வெட்கம் என்று சொன்னால் அது சின்னச் சொல். எனக்கு என்மேல் அருவருப்பு வந்தது.

படத்தை அழித்தேன். பாடசாலைப் பக்கத்திலிருந்து எடுக்க இரண்டு நாள் போனது, ஏனென்றால் அதன் கடவுச்சொல் ஹட்டனுக்கு மாற்றலாகிப் போன ஒரு ஆசிரியரிடம் இருந்தது. ஸ்டிக்கரை யாரிடம் போய்ப் பொறுக்குவது? அழித்துவிட்டோம் என்று பையன்கள் சத்தியம் செய்தார்கள். பஸ்ஸில் வேறு பாடசாலைப் பையன்களும் அதை வைத்திருப்பதாகப் பக்கத்திலிருக்கிறவள் சொன்னாள். அந்தப் பிள்ளை மறுநாளிலிருந்து வரவில்லை. அதிபரிடம் சொன்னபோது அவர் கவலைப்பட்டது புதன்கிழமையைப் பற்றித்தான். கொஞ்ச நாள் வீட்டில் இருக்கட்டும், தானாக அடங்கிவிடும் என்றார். இந்த மனிதரை என்ன சொல்ல என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கண்டி குட்செட் பஸ் நிலையத்தில் கம்பளை பஸ் ஏறி, பாதியில் இறங்கி, தேயிலைத் தோட்டத்துப் பாதையில் ஏறிப் போனேன். லயத்தின் வரிசை வீடுகளில் கடைசி வீடு. முன்னால் தகரம் இழுத்து ஒரு அறை கூட்டியிருந்தார்கள். அம்மா கொழுந்தெடுக்கிறவர், அப்பாவுக்குக் கண்டி மாக்கெட்டில் மரக்கறிக் கடையொன்றில் வேலை. எனக்குக் கதிரை போட்டு, சோடா வாங்க ஆள் அனுப்பினார்கள். அந்த மரியாதை எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. படத்தைப் போட்டது நான்தான் என்று சொல்லிவிட்டேன். அப்பா அதற்குக் கோபப்படவில்லை. சந்தியில் பத்தடிப் பெனர் அடித்துக் கட்டியது அவரேதானே, படம் போனது அவருக்கு ஒரு குற்றமாகத் தெரியவில்லை. மாக்கெட்டில் மூட்டை தூக்குகிற பையன் ஒருவன், யாரென்று தெரியாமல், அந்த ஸ்டிக்கரை அவரிடமே காட்டிச் சிரித்திருக்கிறான். அவரும் சேர்ந்து சிரிக்க வேண்டியதாகிவிட்டதாம். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. வேறு பாடசாலைக்கு மாற்றப் போவதாகச் சொன்னார்.

அவள் உள்ளறை வாசலில் வந்து நின்றாள். மாறிப் போக விருப்பமா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். முதலாம் தரத்திலிருந்து ஒரே வகுப்பில் இருக்கிற கூட்டம் அது, அவளுடைய சினேகிதிகள் எல்லாரும் இங்கேதான். அந்தப் பையன்களை மன்னிப்புக் கேட்க வைக்கிறேன் என்றேன். அது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை.

"நானே போட்டேன்னு சொல்றாங்க டீச்சர். நீங்க போட்டதுன்னு க்ளாஸ்ல நீங்க சொல்லுங்க. நான் வர்றேன்."

சரி என்றேன். அவள் அங்கேயே நின்றாள்.

"நீங்க கேட்டிருந்தா நான் வேணாம்னு சொல்லிருப்பேனான்னு எனக்கே தெரியல" என்றாள். "ஆனா கேக்கலயே டீச்சர்."

பிள்ளை கேட்டதைச் செய்வதென்றால் திங்கட்கிழமை அனுப்புகிறேன் என்று அப்பா சொன்னார். செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். சோடாவைக் குடித்துவிட்டு இறங்கி வந்தேன். பஸ்ஸில் வரும்போது, வகுப்பில் எப்படிச் சொல்வது என்று வசனம் யோசித்துக்கொண்டே வந்தேன். அதிலும் கொஞ்சம் என்னை நல்லவளாகக் காட்டுகிற மாதிரித்தான் யோசித்தேன்.

திங்கட்கிழமை காலை வாசலில் வலய அலுவலக வாகனம் நின்றது. புதன்கிழமை வேறு ஏதோ கூட்டமாம், இரண்டு நாள் முந்திக்கொண்டு வந்துவிட்டார்கள். அதிபர் ஓடிவந்து, இன்றைக்கு எந்தப் பிரச்சினையும் கிளப்ப வேண்டாம், நாளைக்கு எதையும் சொல்லிக்கொள்ளலாம் என்றார். வகுப்புக்குப் போனால் அவள் வந்திருந்தாள். பின்வரிசையில் இல்லை, இரண்டாம் வரிசையில். தேய்த்த சீருடை, இறுக்கிப் பின்னிய சடை. என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள்.

அதிகாரிகள் மூன்று பேர். பிரவுண் பேப்பரைப் பார்த்து வாய் பிளந்தார்கள். பொட்டு லைக் ஒருவருக்கு மிகவும் பிடித்துப்போய், அதை வீடியோவே எடுத்தார். வாந்தி எடுத்தவனும் போட்டவனும் எழுந்து தங்கள் கதையைச் சொன்னார்கள், எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு தலைமை அதிகாரி, வெள்ளைத் தாடிக்காரர், நல்ல தமிழில் பிள்ளைகளைப் பார்த்துக் கேட்டார். இது சுவரில் நடந்தது. உண்மையாகவே உங்கள் யாருடைய படத்தையாவது உங்களைக் கேட்காமல் யாராவது போட்டிருக்கிறார்களா?

யாரும் அவளைப் பார்க்கவில்லை. பையன்கள் நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். பக்கத்திலிருக்கிறவள் என்னைப் பார்த்தாள். அவளும் என்னைப் பார்த்தாள், அதில் பயம் இல்லை, காத்திருக்கிறாள் என்று மட்டும் தெரிந்தது. இதைவிடச் சுலபமாக ஒருவருக்கு வாய்ப்பைக் கொடுக்க முடியாது. நான் போட்டேன் சேர் என்று மூன்று சொல் சொல்லியிருந்தால் போதும். அதிபர் கதவோரம் நின்று தொண்டையைச் செருமினார். ஆனால் பழியை அவர்மேல் போடப் போவதில்லை. அதிகாரிகள் மேசையில் திறந்து வைத்திருந்த பதிவுப் புத்தகத்தில் என் பெயருக்கு நேரே நல்லதாக ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்கள். அது என் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

"இங்க எல்லாம் பயிற்சி மட்டும்தான் சேர்" என்றேன். "எங்க பிள்ளைகளுக்கு அப்படி ஒன்னும் நடக்கல."

அதிகாரி மகிழ்ச்சியோடு தலையாட்டினார். அதன் பிறகு அதிபர் அறையில் தேநீரும் பற்றிஸும். சுவருக்கு முன்னால் என்னை நிறுத்திப் படம் எடுத்தார்கள். மற்றப் பாடசாலைகளுக்கும் இதைக் கொண்டுபோக வேண்டும், நீங்களே வந்து பயிற்சி கொடுக்க வேண்டும் என்றார்கள். நானும் வருகிறேன் என்றேன். இடைவேளை முடிந்து வகுப்புக்குப் போனபோது இரண்டாம் வரிசையில் இடம் காலியாக இருந்தது. வயிற்றுவலி என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு போனதாக வாசல் காவலாளி சொன்னார்.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் சொன்னேன். எதையும் விடவில்லை. புடவையைச் சொன்னேன், நான்கு படங்களைச் சொன்னேன், அவளைக் கேட்கவில்லை என்பதைச் சொன்னேன், நேற்று பொய் சொன்னதையும் சொன்னேன். எனக்குப் பேச வரும், அதுதான் என் பிழைப்பு. ஒரு பிள்ளை அழுதது. பையன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எவ்வளவு நேர்மையான டீச்சர் என்று அவர்கள் நினைத்தது முகத்தில் தெரிந்தது. கேட்க வேண்டியவள் இல்லாத வகுப்பில் நேர்மையாக இருப்பதற்குப் பெரிய தைரியம் எதுவும் தேவைப்படவில்லை. அன்று பின்னேரம் அப்பாவுக்குப் போன் எடுத்து, வகுப்பில் சொல்லிவிட்டேன், பிள்ளையை அனுப்புங்கள் என்றேன். மாக்கெட் இரைச்சலுக்குள் அவர் முழுவதையும் கேட்டார். சரிங்க டீச்சர் என்றார். அவள் வரவில்லை. அவளுடைய சினேகிதிகள் இரண்டு பேர் வீட்டுக்கே போய்ப் பார்த்தார்கள். அவர்களோடு நன்றாகத்தான் பேசினாளாம், டீச்சரைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லையாம்.

அடுத்த மாதம் அப்பா விடுகைப் பத்திரம் வாங்க வந்தார். கம்பளைப் பக்கம் ஒரு பாடசாலையில் இடம் கிடைத்திருந்தது. படிவத்தை வகுப்பாசிரியைதான் நிரப்ப வேண்டும். வரவு, நடத்தை, படித்து முடித்த தரம் எல்லாம் எழுதினேன். விலகும் காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. என்ன எழுதட்டும் என்று அவரைக் கேட்டேன். அவர் சங்கடப்பட்டார். நீங்களே பார்த்து ஏதாவது எழுதிக்கொள்ளுங்கள் என்றார்.

வசிப்பிட மாற்றம் என்று எழுதினேன். அவர்கள் எங்கேயும் மாறவில்லை, அதே லயத்தின் அதே கடைசி வீட்டில்தான் இருக்கிறார்கள். பத்திரத்தை அவர் படித்துப் பார்க்கவில்லை. நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பெரிய உதவிங்க டீச்சர் என்று சொல்லிவிட்டுப் போனார்.